தெக்லா திறந்த மதகு

தெக்லா புரியாக்குக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அது ஊரறிந்த விஷயம். கல்யாண வீட்டில் எல்லோரும் பந்தியில் இருக்க, அவள் மட்டும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியே தின்பாள். சினிமாக் கொட்டகையில் பாதிப் படத்தில் எழுந்து போய் வெளியே மழை வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். பத்தொன்பது வயதில் கசாக்ஸ்தானின் தரிசு நிலத்தை உழப்போகிறேன் என்று ரயிலேறினாள். இரண்டு அறுவடை முடிவதற்குள் திரும்பிவிட்டாள். அப்புறம் ஒதேசா துறைமுகத்தில் மீன்பெட்டி அடுக்கினாள். அங்கேயே ஒரு கப்பல் சமையற்காரனைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணம் முறிந்த கதையை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்: "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்ல இருந்தாத்தானே குடும்பம்? நாங்க இருந்ததே இல்ல."

முப்பத்தைந்து வயதில் சொந்த ஊரான தெரேனிவ்காவுக்கு வந்து சேர்ந்தபோது, உலகத்திலேயே அவளுக்குப் பொருந்தாத வேலையாகப் பார்த்து ஒன்று கிடைத்தது. பூங்காவில் மதகுக்காரி. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

"சும்மா இருக்கறதுக்குச் சம்பளமாம். அதுவும் இவளுக்காம்" என்று அவளுடைய அக்கா மோத்ரியா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

மோத்ரியாவின் சிரிப்பில் பாதி விஷம். அவர்களுடைய அம்மா செத்தபோது தெக்லா ஒதேசாவில் இருந்தாள். தந்தி போயிற்று. அவள் வந்து இறங்கியபோது குழியை மூடி, சாவுச் சோறும் தின்று, பந்தல் பெஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரயில் தாமதம் என்று அவள் சொன்னாள். அக்கா நம்பவில்லை. "ஊரெல்லாம் ஓடுறவளுக்கு வீட்டுக்கு ஓடி வர மட்டும் கால் வரல" என்று அன்றைக்குச் சொன்னவள், அதற்குப் பிறகு தங்கச்சியோடு பேசிய ஒவ்வொரு வார்த்தையிலும் அதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூங்கா பழையது. யாரோ ஒரு பிரபு, மனைவியைச் சந்தோஷப்படுத்துவதற்காகப் பண்ணையடிமைகளை விட்டு ஒரு பள்ளத்தாக்கையே வெட்டிச் செதுக்கிய இடம். மேலே பெரிய ஏரி. அதைத் தாங்கி நிற்பது ஒரு மண்கரை. கரையின் ஒரு முனைச் சரிவில் குயவர் தெரு. சட்டி பானை செய்கிறவர்கள் இப்போது அங்கே யாருமில்லை. செங்கல் சூளைக்காரர்களும் பள்ளிக்கூட ஆயாக்களும் குடியிருக்கிறார்கள். மோத்ரியாவின் வீடு கரைக்கு மிகப் பக்கத்தில். அவளுடைய உருளைக்கிழங்குப் பாத்தி கரையின் காலடியில்தான் முடிகிறது. கரையின் மறுமுனையில் மதகு. அதற்கு மூன்று பலகைகள். இரண்டைத் தூக்கினால் தண்ணீர் கல்வாய்க்காலில் அடக்கமாக இறங்கி, சிலைகள் நிற்கும் புல்வெளியின் ஓரமாகப் போய், கீழ்க்குளத்தில் விழுந்து ஆற்றில் சேரும். மூன்றாவதையும் தூக்கினால் வாய்க்கால் கொள்ளாது. புல்வெளியே ஆறாகிவிடும்.

அந்தப் புல்வெளியில்தான் ஹாப்கா நின்றாள். பளிங்கில் செய்த வேட்டைத் தேவதை. ஒரு கை மான்குட்டியின் கழுத்தைச் சுற்றியிருக்கும். அவளுடைய கிரேக்கப் பெயர் யார் வாயிலும் நுழையாமல், எந்தக் காலத்திலோ ஒரு பால்காரியின் பெயரை அவளுக்கு வைத்துவிட்டார்கள். தெரேனிவ்காவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் பெண்ணும் மாப்பிள்ளையும் பதிவு அலுவலகத்திலிருந்து நேரே ஹாப்காவிடம்தான் வருவார்கள். அவளோடு நின்று படம் எடுக்காவிட்டால் அந்தக் கல்யாணத்தை மாமியார்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பூங்காவின் இயக்குநர் வலேரியன் ஒசிபோவிச் ஹாப்காவை மகளைப் போலப் பார்த்துக்கொண்டார். போர்க்காலத்தில் குண்டு பட்டு உடைந்த அவளுடைய மூக்கையும் காலையும் சரிசெய்ய, கீவ் நகரத்து அலுவலகங்களில் வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தவர் அவர். கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் மன்னிப்புக் கேட்பது போன்ற கண்கள். தோட்டக்காரர்களைக்கூட "நீங்க" என்றுதான் கூப்பிடுவார்.

தெக்லா மதகுக் குடிலில் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. காலையிலிருந்து கரைமேல் போவாள், வருவாள். புல் தேய்ந்து அவளுக்கென்று ஓர் ஒற்றையடிப்பாதையே விழுந்துவிட்டது. வேலையில் சேர்ந்த இரண்டாவது வசந்தத்தில், ஏரிக்குள் ஏதோ உறுமுகிறது என்று குயவர் தெருவில் கதவு கதவாகத் தட்டி, ஜனங்களைத் தலையணையும் கோழியுமாக மேட்டுக்கு ஏற்றிவிட்டாள். உறுமியது பனிப்பாளம். வெயில் பட்டு விரிசல் விட்டது, அவ்வளவுதான். மத்தியானம் வரை குளிரில் வெடவெடத்து நின்ற தெரு, அன்றைக்கு அவளுக்கு ஒரு பட்டம் கொடுத்தது: அபாயச் சங்கு.

அதற்கு மூன்று வருஷம் கழித்து அந்தப் பெரும்பனி வந்தது. வேலிகள் தெரியவில்லை. மார்ச் முடிந்தும் உருகவில்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம் திடீரென்று தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று அடித்தது. அதன் பின்னாலேயே மழை. மேட்டு வயல்களின் பனியெல்லாம் ஒரே மூச்சாக ஏரிக்குள் இறங்கியது.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலையில் வலேரியன் ஒசிபோவிச் மழைக்கோட்டோடு மதகுக்கு வந்தார். இரண்டு பலகைகள் ஏற்கெனவே தூக்கப்பட்டிருந்தன.

"இது போதும் தெக்லா. மூணாவதத் தொட்டுடாதீங்க. ஹாப்காவோட பீடம் வெறும் சுண்ணாம்புக் காரையில நிக்குது, தெரியுமில்ல?"

"தண்ணி கரைமேல ஏறிடுச்சுன்னா?"

"ஏறாது. நான் மாவட்டத் தலைநகருக்குப் போயி லாரியும் மணல் மூட்டையும் கேட்டு வாங்கிட்டு வர்றேன். மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்."

"வரலன்னா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீ ஆறுற வரைக்கும்கூட உங்களால பொறுக்க முடியாது. இன்னிக்கு ஒருநாள் மட்டும் பொறுத்துக்குங்க. எனக்காக."

அவள் தலையாட்டினாள். அவருடைய ஜீப் போன பிறகு கரையின் நீளத்துக்கு நடந்தாள். திரும்பி நடந்தாள். பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மதகின் வாயில் முட்டிக்கொண்டு நின்றன. முட்டியதை எல்லாம் சவெலி நீளக் கழியால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான். பூங்காவின் குதிரை வண்டிக்காரன் அவன். ஒரு கால் சற்றுக் குட்டை, வாயோ இரண்டு ஆளுக்கு இருக்கும்.

"ஏம்மா, நீ இப்படி நடந்தே கரைய இடிச்சுடுவ போலிருக்கே. செத்த நில்லேன்."

அவள் நிற்கவில்லை. கரையின் அந்தக் கோடிக்குப் போய்க் கீழே பார்த்தாள். அக்காவின் உருளைக்கிழங்குப் பாத்திக்கு மேலே, சரிவின் புல்லுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கலங்கிய தண்ணீர். தலைக்குள்ளே அந்தப் பழைய சங்கு ஊதத் தொடங்கிவிட்டது. ஊதுவது சங்கா பைத்தியமா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

சரிவில் சறுக்கி இறங்கி மோத்ரியாவின் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"கதவ அடிக்காதடீ!" என்று அக்கா சீறினாள். அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் மாவு. "ஈஸ்டர் ரொட்டி உள்ள வெந்துட்டிருக்கு. ஒரு அதிர்வு பட்டா அமுங்கிடும்."

"அக்கா, கெளம்பு. கரை கசியுது."

"கசியுதா? எந்த வருஷம் கசியல? உங்க மாமா உயிரோட இருந்தப்பவே அந்த எடத்துல தவளைதான் குடும்பம் நடத்திட்டிருந்துச்சு."

"இது வேற மாதிரி இருக்கு. கலங்கலா வருது."

"மழ பேஞ்சா கலங்கலா வராம பாலாவா வரும்? போன தடவ நீ கத்துனப்ப மேட்டுல நின்னு எனக்கு முதுகுல புடிச்ச வலி இன்னும் விடல." மோத்ரியா அடுப்புக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ ஓடணும்னா ஓடு. ஓடுறதுதானே உன் பொழப்பு. என் ரொட்டிய விட்டுட்டு நான் எங்கயும் வரல."

தெக்லா இன்னும் நாலு கதவைத் தட்டினாள். ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் பதில் சொல்லாமல் கதவைச் சாத்தினார்கள். எல்லா வீட்டிலும் ரொட்டி மணத்தது. கடைசி வீட்டுக்காரி மட்டும் பிள்ளைகளை மேட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தான் முட்டைக்குச் சாயம் போட உட்கார்ந்துவிட்டாள்.

அவள் மறுபடி கரைமேல் ஏறியபோது மத்தியானம் தாண்டியிருந்தது. ஜீப் வரவில்லை. குடிலில் இருந்த தொலைபேசி செத்துக் கிடந்தது. கரையின் தாழ்வான ஓரிடத்தில் தண்ணீர் புல்லின் நுனியைத் தொட்டுத் தொட்டுப் பின்வாங்கியது.

"சவெலி, மூணாவதத் தூக்கலாம்."

அவன் கழியைக் கீழே போட்டான். "கையெழுத்துப் போட்ட உத்தரவு இல்லாம நான் அந்தச் சக்கரத்தத் தொட மாட்டேன். கீழ யாரு நிக்கிறான்னு தெரியுமா உனக்கு? என் கல்யாணப் படம், என் பொண்ணு கல்யாணப் படம், எல்லாத்துலயும் நிக்கிறவ."

"இந்தப் பக்கம் கீழ யாரு இருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்க அக்கா."

அந்த வார்த்தை அவளை அறைந்தது. ஒரு கணம் நின்றுவிட்டாள். நான் அக்காவுக்காகத்தான் பயப்படுகிறேனா? அக்கா அங்கே இல்லாவிட்டால் அந்தக் கசிவு இவ்வளவு கலங்கலாகத் தெரிந்திருக்குமா? யோசித்துப் பார்க்க நேரம் இருந்திருந்தால் யோசித்திருப்பாள். அவளுக்கு யோசிக்கவும் நடந்தாக வேண்டும். நடக்கக் கரை இருக்குமா என்பதுதான் சந்தேகமாக இருந்தது.

தனியாகச் சக்கரத்தைப் பிடித்தாள். அது அசையவில்லை. முழு உடம்பையும் அதன்மேல் தொங்கவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முனகினாள். அழுகையா வசவா என்று தெரியவில்லை. சவெலி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தொப்பியை எறிந்துவிட்டு வந்து மறுபக்கத்தைப் பிடித்தான்.

"கேட்டாங்கன்னா நீ என்னைக் கத்தியக் காட்டி மெரட்டுனன்னு சொல்லிடுவேன்."

"சொல்லிக்கோ. தள்ளு."

பலகை ஒரு முழம் எழும்பியதும் மிச்சத்தைத் தண்ணீரே செய்தது. பனிப்பாளங்கள் இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தன. கல்வாய்க்காலின் சுவர்கள் ஒரு நொடி தெரிந்தன, பிறகு தெரியவில்லை. தெக்லா கரையோரமாக ஓடினாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. புல்வெளியில் பழுப்புத் தண்ணீர் இடுப்பளவு ஏறியது. ஹாப்கா அதில் நின்றாள், குளிக்க இறங்கினவள் போல. பெரிய பனிப்பாளம் ஒன்று மெதுவாகச் சுழன்றுகொண்டு வந்து பீடத்தில் மோதியது. அவள் அசையவில்லை. இரண்டாவது மோதியது. ஹாப்கா மான்குட்டியோடு சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். தலைதான் முதலில் தண்ணீரைத் தொட்டது. அதற்குப் பிறகு வெறும் தண்ணீர்.

கரை நின்றது. சாயங்காலத்துக்குள் ஏரி ஒரு முழம் இறங்கிவிட்டது. மூன்றாவது பலகையை மறுபடி இறக்கினார்கள்; புல்வெளியில் சேறுதான் மிஞ்சியது. குயவர் தெருவில் ஒருத்தர் வீட்டு வாசல்படிகூட நனையவில்லை.

வலேரியன் ஒசிபோவிச் வெளிச்சம் இருக்கும்போதே லாரிகளோடு வந்துவிட்டார். வழியில் பாலம் மூழ்கிச் சுற்றி வர வேண்டியிருந்தது. சேற்றில் முழங்கால் வரை புதையப் புதைய நடந்து போய், காலிப் பீடத்தின் மேல் உட்கார்ந்தார். தெக்லா சற்றுத் தள்ளி நின்றாள்.

"நீங்க பாத்தீங்களா, அவ விழுந்தத?"

"பாத்தேன்."

"தலை உடைஞ்சுதா?"

"தெரியல. தண்ணிக்குள்ள போயிடுச்சு."

அவர் சேற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நானா இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் காத்திருப்பேன்."

"என்னால முடியல, வலேரியன் ஒசிபோவிச்."

"ஆமா" என்றார். திட்டவில்லை. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கு அவள் தூங்கியிருப்பாள்.

விசாரணை, கலாசார மன்ற அரங்கத்தில் நடந்தது. தலைநகரத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். ஊரே வந்திருந்தது. நடுவில் இருந்தவர் கேட்டார்:

"எந்த அடிப்படையில மூணாவது பலகையத் தூக்குனீங்க?"

"பயமா இருந்துச்சு."

"அது சரி. அடிப்படை என்ன?"

"பயம்தாங்க அடிப்படை."

பின்வரிசையில் சிரிப்பு. யாரோ ஒருவன் எழுந்து, "அக்கா வீட்டக் காப்பாத்தத்தான் தொறந்தா! ஒரு உருளைக்கிழங்குப் பாத்திக்காக ஊரோட சொத்த ஒடச்சுட்டா!" என்று கத்தினான். அரங்கம் இரைந்தது. ஆமாம், ஆமாம் என்ற குரல்கள் குயவர் தெருக்காரர்களிடமிருந்தும் வந்தன.

அப்போது மோத்ரியா எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தலைத்துணி கட்டிக்கொண்டு வந்திருந்தவள், அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டாள்.

"எனக்காகவா? இவளா?" என்று கேட்டாள். "பெத்த தாயப் பொதைக்க வராதவ இவ. எனக்காக ஒரு வாளித் தண்ணி மொண்டு தந்ததில்ல. நாலு வருஷமா ஒரே ஊர்ல இருக்கோம், எங்க வீட்டுல ஒரு வாய் சூப்பு குடிச்சதில்ல. நானும் குடுத்ததில்ல. எனக்காக இவ ஒரு பித்தானத் தைக்க மாட்டா, பலகையத் தூக்குவாளா? புத்தியிருக்கா உங்களுக்கு?"

அரங்கமே சிரித்துவிட்டது. விசாரணைக்கு வந்தவர்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் அந்தக் குற்றச்சாட்டை யாராலும் உரக்கச் சொல்ல முடியவில்லை. தெக்லா மட்டும் சிரிக்கவில்லை. அக்கா தன்னைக் காப்பாற்றிவிட்டாள் என்பது புரிந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதும் புரிந்தது. எது அதிகமாக வலித்தது என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடிந்ததில்லை.

கரை உடைந்திருக்குமா என்ற கேள்விக்கு விசாரணை பதில் சொல்லவில்லை. "தீர்மானிக்க இயலாது" என்று எழுதி முடித்தார்கள். அவளை மதகிலிருந்து எடுத்துச் சருகு கூட்டும் வேலைக்கு மாற்றினார்கள். கடைக்குப் போனால் ஒருத்தி வரிசையில் இடம் விடுவாள். அடுத்தவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த வருஷம் கல்யாணமான ஜோடிகள் காலிப் பீடத்தின் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு மணப்பெண், துடைப்பத்தோடு நின்ற தெக்லாவைப் பார்த்து, "இவங்கதான் ஒடச்சவங்களா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். காதில் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து அவள், வெள்ளம் அடித்துக்கொண்டு போன ஹாப்காவின் துண்டுகளைத் தேடத் தொடங்கினாள். வேலை முடிந்ததும் முழங்காலுக்கு மேல் பாவாடையைச் செருகிக்கொண்டு கீழ்க்குளத்தில் இறங்கி, இரும்புக் கம்பியால் சேற்றைக் குத்திக் குத்திப் பார்ப்பாள். கம்பி கல்லில் பட்டால் ஓர் ஓசை, வேரில் பட்டால் ஓர் ஓசை. முதல் கோடையில் பீடத்தின் ஒரு மூலைதான் கிடைத்தது. இரண்டாவது கோடையில் முதுகும் இடுப்புமாக ஒரு பெரிய துண்டு. சவெலியின் குதிரை அதை இழுத்து மேலே போட்டது. வலேரியன் ஒசிபோவிச் ஒருநாள் மாலை கரையில் வந்து நின்றார். மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, இன்னொரு கம்பியோடு தண்ணீரில் இறங்கினார்.

"அங்க நான் பாத்துட்டேன்" என்பாள் அவள்.

"நீங்க பாத்தா அவசரமாப் பாத்திருப்பீங்க" என்று அதே இடத்தில் மறுபடி குத்துவார்.

இப்படியே வருஷங்கள் போயின. மான்குட்டியும் அதன் கழுத்தைச் சுற்றிய கையும் ஒன்றாகவே கிடைத்தன. ஆற்றோடு வெகுதூரம் போய், ஒரு வில்லோ மரத்தின் வேரில் சிக்கியிருந்தன. அந்தக் கையைச் சேறு போகக் கழுவி மடியில் வைத்துக்கொண்டு அவர் குழந்தையைப் போல அழுதார். தெக்லா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தண்ணீரில் நடந்தாள். தலை மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் லிவிவ் நகரத்துச் சிற்பி ஒருவர் புதுத் தலை செதுக்கிப் பொருத்தினார். ஊருக்கு அந்த முகம் பிடிக்கவில்லை. "ஆபீஸ்ல முத்திர வாங்க வரிசையில நிக்கிறவ மாதிரி இருக்கா" என்றாள் தெக்லா. 

பழைய ஆட்சி கவிழ்ந்து உக்ரேன் தனி நாடான பிறகு, கரையைக் கான்கிரீட்டில் மாற்றிக் கட்ட ஏரியை வடித்தார்கள். பழைய மண்கரையைக் குறுக்கே வெட்டியபோது தெக்லா போய் நின்றாள். அவளோடு ஊரில் பாதிப்பேர் நின்றார்கள். மோத்ரியாவும் வந்திருந்தாள், சற்றுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு. வெட்டின முகத்தில் களிமண்ணும், அழுகிய ஓக் கட்டைகளும், எலி வளைகளும் வரிவரியாகத் தெரிந்தன. இரண்டு பொறியாளர்கள் குனிந்து பார்த்தார்கள். "இது அந்த வருஷமே போயிருக்க வேண்டியது" என்றார் ஒருவர். "இந்தக் களிமண்ணா? இன்னும் நூறு வருஷம் நிக்கும்" என்றார் மற்றவர். இருவரும் ஒரே மண்ணைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

தெக்லா சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மோத்ரியா வந்து அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கி, "போதும்டீ, ஊரு பாக்குது. வா, சூப்பு வச்சிருக்கேன்" என்றாள். அவள் போனாள். நின்றுகொண்டே குடித்தாள். அக்கா கிண்ணத்தை மறுபடி நிரப்பினாள்.

புது மதகுக்கு அவளையே திரும்பக் கூப்பிட்டார்கள். பொத்தானை அமுக்கினால் பலகை தானாக ஏறும் மதகு. ஒரே ஒரு வசந்தம் வேலை பார்த்தாள். அந்த வசந்தத்தில் மழையே இல்லை. அவளோ பயத்திலேயே எடை பாதியாகி, கண் குழி விழுந்து போனாள். அப்புறம் தானே எழுதிக் கொடுத்துவிட்டு, மாவட்டத் தலைநகருக்குப் போகும் பஸ்ஸில் நடத்துனராகச் சேர்ந்தாள். காலையிலிருந்து மாலை வரை ஓடிக்கொண்டே இருக்கும் வேலை. பிறந்ததிலிருந்தே இதைச் செய்துகொண்டிருந்தவள் போல அதில் பொருந்திப் போனாள். சண்டைக்காரர்களை இறக்கிவிடுவாள், வாந்தி எடுக்கிறவர்களுக்கு எலுமிச்சம்பழத் துண்டு கொடுப்பாள்.

வலேரியன் ஒசிபோவிச் மாதத்துக்கு ஒருமுறை கண் ஆஸ்பத்திரிக்கு அந்த பஸ்ஸில்தான் போவார். பார்வை மங்கிக்கொண்டே வந்து கடைசியில் நிழல்கள் மட்டும் தெரிந்தன. பூங்கா நிறுத்தம் வந்தால் தெக்லா ஓட்டுநரிடம் ஒன்றும் சொல்லாமல் இறங்கி, கரை தெரியும் இடம் வரை ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பயணிகள் முணுமுணுப்பார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறியதும் கிழவர் அந்த மூச்சு வந்த பக்கம் முகத்தைத் திருப்புவார்.

"எப்படி இருக்கு?"

"கரைக்கு ரெண்டு முழம் கீழ. பனி கரைஞ்சிடுச்சு. வாத்து வந்துடுச்சு."

"பலகை?"

"ஒண்ணுதான் தூக்கியிருக்கு."

அவர் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொள்வார். அவள் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போலாம், போலாம்" என்று ஓட்டுநரை விரட்டுவாள்.